கட்டிலில் நடந்த போர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஃபிராங்க் ஓ'கானர் எழுதிய 'மை ஈடிபஸ் காம்ப்ளெக்ஸ்' என்ற சிறுகதை இருக்கிறது. போர்க்காலத்துக் கதை, லேரி என்ற சின்னப் பையன் சொல்கிறான். 'கதைசொல்லியான சிறுவனின் குணம் எவ்வாறு வெளிப்படுகிறது?' என்ற கேள்விக்கு, அவன் சுயநலக்காரன், பொறாமைக்காரன், புத்திசாலி, தாய்ப்பாசம் மிக்கவன் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமும் கொடுத்திருந்தேன். பத்துக்கு நான்கு மதிப்பெண்தான் கிடைத்தது. 'என்னென்ன குணம் என்று சொல்லியிருக்கிறாய்; எவ்வாறு வெளிப்படுகிறது என்று சொல்லவில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அந்த 'எவ்வாறு' எனக்கு இன்னும் விளங்கவில்லை.
— கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திருத்தியவர் கேட்டது நியாயமான கேள்விதான், மதிப்பெண் போடும்போது மட்டும் கொஞ்சம் கையை இறுக்கிவிட்டார். நீங்கள் எழுதிய நான்கு குணங்களும் தவறானவை அல்ல. ஆனால் அவை, கதையைப் படித்து முடித்த பெரியவர் ஒருவர் அந்தப் பையனுக்குக் கொடுக்கும் நற்சான்றும் துர்ச்சான்றும். கதைக்குள் தேடிப் பாருங்கள்: தான் சுயநலக்காரன் என்று லேரி ஓரிடத்திலும் நினைப்பதில்லை. அவன் கண்ணுக்கு அவன் பரம நியாயஸ்தன். அப்படி முழுமனதாக நம்பிக்கொண்டு தன் வழக்கை நம்மிடம் எடுத்துச் சொல்லுகிறான்; அவன் அடுக்கும் நியாயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் காட்ட நினைக்காத இன்னொரு பையனை நாம் பார்த்துவிடுகிறோம். உங்கள் விடையில் விடுபட்டது இதுதான்.

கதையைப் படிக்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலம், முதல் உலகப் போர். 'எம்டன்' என்ற கப்பலின் பெயரை நம் பேச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போன அதே போர். அயர்லாந்து அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு அங்கே கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அயர்லாந்துக்காரர்கள் பிரிட்டிஷ் படையில் பணியாற்றினார்கள். லேரியின் அப்பாவும் அப்படிப் பட்டாளத்துக்குப் போனவர். வீட்டில் அம்மாவும் பையனும் மட்டும். விடிந்ததும் அவன் அம்மாவின் பெரிய கட்டிலில் ஏறிக்கொண்டு தன் யோசனைகளையெல்லாம் சொல்வான். காலை உணவு முடிந்து இருவரும் தேவாலயத்துக்குப் போய், அப்பா பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலிக்கிறது. அப்பா வந்துசேர்கிறார், பையனுக்குக் கட்டிலில் இருந்த இடமும் போகிறது, அம்மா அவன் பேச்சுக்குக் கொடுத்த காதும் போகிறது. அவன் அப்பாவை எதிரியாக வரித்துக்கொள்கிறான். பிறகு தம்பி பிறக்கிறான். இப்போது அப்பாவுக்கும் அந்தக் கட்டிலில் இடமில்லை; ஓர் இரவு அவர் லேரியின் கட்டிலுக்கு வந்து படுக்கிறார்.

இந்தக் கதையில் ஒரு துப்பாக்கிகூட வெடிப்பதில்லை. போரைப் பற்றி லேரி கூறும் ஒரே தீர்ப்பு, தன் வாழ்க்கையிலேயே மிகவும் அமைதியான காலம் அதுதான் என்பது. படிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது. சொல்பவனோ சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறான். அவன் அறிந்த போர் என்பது விடியற்காலையில் வாசற்கதவு சாத்தப்படும் சத்தமும், ஆணி அடித்த பூட்ஸ்கள் சந்தில் நடந்துபோகும் ஓசையும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன்மேல் குனிந்து பார்க்கும் காக்கி உடுப்பும்தான். அப்பா இடையிடையே வந்துபோகும் அந்த வருகைகளைக்கூட அவன் வெறுக்கவில்லை. அப்பாவிடம் வரும் புகையிலை வாசனை அவனுக்குப் பிடிக்கும். அவர் சவரம் செய்வதை ஆவென்று பார்ப்பான். ஒரே குறை, அந்த நாட்களில் கட்டிலில் நெருக்கியடித்துப் படுக்க வேண்டியிருக்கும். பின்னால் வரப்போகும் சண்டை முழுவதற்கும் ஆசிரியர் இங்கேயே அடிக்கல் நாட்டிவிடுகிறார். பையனுக்கோ அது போகிறபோக்கில் சொல்லிவைத்த ஒரு சின்ன அசௌகரியம்.

அவன் காலைப்பொழுது எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? எழுந்ததும் தன் இரண்டு கால்களையும் போர்வைக்கு வெளியே நீட்டி, ஒன்றுக்குத் திருமதி இடது என்றும் மற்றொன்றுக்குத் திருமதி வலது என்றும் பெயரிட்டு, அன்றைய பிரச்சினைகளை அவர்களுக்குள் விவாதிக்க விடுகிறான். அம்மாவும் தானும் அன்று என்ன செய்வது, வீட்டை எப்படி இன்னும் கலகலப்பாக்குவது என்பவை பொருள்கள். வலது கால் கையைக் காலை ஆட்டிப் பேசும் ரகம். இடது கால் பெரும்பாலும் தலையாட்டிவைக்கும். 'கற்பனை வளம் மிக்கவன்' என்று இதற்கு எல்லா நோட்டுப் புத்தகங்களிலும் எழுதியிருப்பார்கள். அதைவிட முக்கியமானது, அந்தக் கற்பனை எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பது. ராட்சசர்களோ புதையலோ அங்கே வருவதில்லை. ஐந்து வயதுப் பையன் குடும்ப நிர்வாகக் கூட்டம் நடத்துகிறான். தீர்மானங்களை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் சமர்ப்பிக்கிறான். அப்பா இல்லாத வீட்டில் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாக அவனுக்கு உள்ளூர ஒரு நினைப்பு. அந்த நினைப்பை ஆசிரியர் ஒரு சொல்லில்கூட விளக்கவில்லை.

குழந்தை விலை பற்றிய பேச்சும் அப்படிப்பட்டதே. அந்த வரிசையில் கைக்குழந்தை இல்லாத வீடு தங்களுடையது மட்டும்தான் என்பது அவனுக்குக் குறை. குழந்தைக்குப் பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆகும், அப்பா போரிலிருந்து வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று அம்மா சொல்லிவைக்கிறாள். (போருக்கு முந்தைய மாற்று விலையில் நம் கணக்குக்கு அது சுமார் 13 ரூபாய்.) அவன் அதை ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. ஆனால் பதினேழு ஷில்லிங்குக்கு வழியே இல்லாத பக்கத்து வீட்டிலும் குழந்தை இருக்கிறதே என்று யோசித்து, அது மலிவுச் சரக்காக இருக்க வேண்டும், அம்மாதான் உசத்தியானது வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள் என்று முடிவுக்கு வருகிறான். அவனுக்குக் கிடைத்த தகவல் பொய். அதிலிருந்து அவன் கட்டிய தர்க்கத்தில் மட்டும் ஓட்டை கிடையாது. கதை நெடுக அவன் மூளை வேலை செய்யும் விதம் இதுதான், ஆகையால் அவன் குணம் எங்கே தெரிகிறது என்று கேட்டால், அவன் போடும் கணக்குகளில் தெரிகிறது என்பேன். 'பொறாமைப்பட்டேன்' என்று ஒரு பாத்திரம் சொன்னால் நாம் கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒரு பாத்திரம் கணக்குப் போட்டு நம் கண்ணெதிரே ஒரு விடைக்கு வந்தால், அந்த மண்டைக்குள் நாமும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறோம்.

விடைத்தாளில் ஒரே ஓர் இடத்தை எடுத்து விரிக்கச் சொன்னால், அப்பா ராணுவ உடுப்பைக் கழற்றிவிட்டு நீல நிறச் சூட்டைப் போட்டுக்கொண்ட அந்த முதல் நாளை எடுப்பேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று லேரிக்குப் புரியவில்லை. உடுப்பு இல்லாத அப்பாவிடம் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவன் கட்சி. பிறகு அப்பா ஏதோ கனமான விஷயம் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவின் முகத்தில் கவலை தெரிகிறது. லேரி உடனே குறுக்கிட்டுப் பேசுகிறான். ஏன்? கவலைப்பட்டால் அம்மாவின் அழகு கெட்டுவிடுகிறது, அது அவனுக்குப் பிடிக்காது. கொஞ்சம் பொறு என்கிறாள் அம்மா. சலிப்பூட்டும் விருந்தாளிகள் வந்தால் அவள் சொல்லும் வழக்கமான வார்த்தை அது என்பதால் அவன் அதற்கு மதிப்புக் கொடுக்காமல் மேலே பேசுகிறான். அடுத்து, அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பது தெரியவில்லையா என்று அவள் பொறுமையிழந்து கேட்கிறாள். அவன் அந்தச் சொற்களை முதல்முறையாகக் கேட்கிறான். அபாயம் வந்துவிட்டது என்று தெரிந்துபோகிறது. ஆனாலும் ஒன்றும் நடவாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, ஏன் அவரோடு பேசுகிறாய் என்று விசாரிக்கிறான்.

பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் எத்தனை நடக்கிறது என்று பாருங்கள். போரிலிருந்து மீண்ட ஒருவனும் அவன் மனைவியும் எதைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். வேலையாக இருக்கலாம், பணமாக இருக்கலாம். பையன் காதில் அந்தப் பேச்சின் பொருள் விழவே இல்லை, முகம் மட்டும் தெரிகிறது. அந்த முகத்தைத் துல்லியமாகப் பார்க்கிறான், காரணத்தைத் தன் தேவைக்கு ஏற்பத் திரித்துக்கொள்கிறான். அம்மாவின் நன்மைக்காகத்தான் குறுக்கிட்டேன் என்று அவன் நம்புவதும் உண்மை; தன் இடம் பறிபோகிறது என்ற பதைப்பும் உண்மை. இரண்டாவதை அவன் சொல்லவில்லை. அது அந்தப் 'பொய்யான அலட்சியத்தில்' இருக்கிறது. நீங்கள் எழுதிய தாய்ப்பாசம், சுயநலம் என்ற இரண்டும் இங்கே தனித்தனியாகப் பிரிக்க முடியாதபடி ஒரே செயலில் கிடக்கின்றன. ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் உதாரணம் என்று அடுக்கிய விடையில் இந்தச் சிக்கல் நழுவிப்போய்விடுகிறது.

அப்பாவோடு ஊருக்குள் நடக்கப்போன இடமும் நல்ல இடம். டிராம், கப்பல், குதிரை என்று பார்க்க எவ்வளவோ இருக்க, அந்த மனிதர் தன் வயதுக்காரர்களோடு சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டு நின்றுவிடுகிறார். லேரி கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான், பலனில்லை. அப்போது, அழுது பார்க்கலாமா என்று யோசித்து, அப்பாவை ஏற இறங்கப் பார்த்து எடைபோட்டு, இந்த ஆள் அதற்கும் அசைய மாட்டார் என்று அந்த யோசனையைக் கைவிடுகிறான். அழுகை அவனிடம் இருக்கும் ஓர் ஆயுதம். எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் அவனுக்குத் தெரியும். அதே நாட்களில்தான் அம்மாவிடம் போய், அப்பா தனிக் கட்டிலில் படுத்தால் உடம்புக்கு நல்லது என்று சுகாதார ஆலோசனையும் வழங்குகிறான்.

கடவுளோடு அவன் நடத்தும் பேரத்தில் வேடிக்கை உச்சத்துக்குப் போகிறது. கடுமையாக வேண்டிக்கொண்டால் கடவுள் அப்பாவைத் திரும்பவும் போருக்கு அனுப்புவாரா என்று கேட்கிறான். இப்போது போர் இல்லையே என்கிறாள் அம்மா. அவர் நினைத்தால் இன்னொரு போரை உண்டாக்கலாமே என்கிறான். போரைக் கடவுள் உண்டாக்குவதில்லை, கெட்ட மனிதர்கள் உண்டாக்குகிறார்கள் என்று அவள் சொன்னதும், பையனுக்குக் கடவுள்மேல் இருந்த மதிப்பு இறங்கிவிடுகிறது. இங்கே பலர் அவனைக் கொடூரமான குழந்தை என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாவு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. அப்பா சாக வேண்டும் என்று அவன் ஒருபோதும் கேட்கவில்லை. பழைய ஏற்பாடு நன்றாக இருந்தது, அதற்குப் போர் தேவைப்படுகிறது, ஆகவே போர் வேண்டும். இவ்வளவுதான் அவன் கணக்கு. போரின் விலையை அறிந்த நமக்குத்தான் சிரிப்பினூடே ஒரு குளிர் ஓடுகிறது. அந்தக் குளிரைப் பையன் வாயில் திணிக்காமல் நம்மிடம் விட்டுவைத்ததில் ஆசிரியரின் கைத்திறன் இருக்கிறது.

முடிவில் அப்பாமேல் அவனுக்கு இரக்கம் வருகிறதே, அதனால் அவன் திருந்திவிட்டான் என்று எழுதாதீர்கள். புதுக் குழந்தை பிறந்ததும் பெரிய கட்டிலிலிருந்து துரத்தப்பட்டு அப்பா தன் பக்கத்தில் வந்து படுத்தபோது, இந்த அநியாயம் எனக்கும் நடந்ததுதானே என்று லேரி நினைக்கிறான். கணக்குப் போடும் புத்தி அப்படியே இருக்கிறது. அதில் இம்முறை இன்னொரு ஆளும் சேர்ந்துகொள்கிறான். தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கேட்டு, எலும்புக்கூடாக இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்று ஏற்றுக்கொள்கிறான். பரிவும் பேரமும் அங்கேயும் பிரியவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா மெனக்கெட்டு ஒரு நல்ல பொம்மை ரயில் வாங்கித் தந்தார் என்பதையும் அவன் வரவுக் கணக்கில் எழுதத் தவறுவதில்லை.

தேர்வில் இப்படிச் செய்யலாம்: குணத்தின் பெயரை முதலில் எழுதாதீர்கள். ஓர் இடத்தை எடுத்து, அவன் என்ன பார்த்தான், அதற்கு என்ன காரணம் கற்பித்தான், அதில் அவனுக்குத் தெரியாத எது நமக்குத் தெரிகிறது என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, குணத்தின் பெயர் அதன்பிறகும் தேவைப்பட்டால் போடுங்கள். பல சமயம் தேவைப்படாது.

கேள்வி: மேற்படி கதையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். எனக்கு ஒரு மனத்தாங்கல். ஐந்து வயதுக் குழந்தைக்கு வராத சொற்களும் வாக்கியங்களும் அதில் நிறைய இருக்கின்றன. 'பெருந்தன்மை' என்ற பொருளில் வரும் ஒரு பெரிய சொல்லைக்கூட அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். இது குழந்தையின் குரலா, பெரியவரின் குரலா? பாத்திரப் படைப்பில் இது குறையாகாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐயா, இரண்டு குரலும்தான். கதையின் முதல் வாக்கியத்திலேயே 'போர்' என்று சொல்லிவிட்டு, 'முதல் போரைச் சொல்கிறேன்' என்று கதைசொல்லி திருத்திக்கொள்கிறார். இரண்டாவது போரும் வந்துபோன பிறகு பேசுகிறவர்தான் அப்படித் திருத்த முடியும்; கதை அச்சில் வந்ததும் 1950-இல்தான். ஆக, கட்டிலில் புரண்டவன் ஐந்து வயதுக்காரன். பேசுகிறவர் நடுவயதைத் தொட்டவர்.

இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. பெரியவர்கள் தம் பிள்ளைப்பிராயத்தைச் சொல்லும்போது இடையிடையே நிறுத்தி, 'அப்போது எனக்கு விவரம் தெரியாது' என்று ஒரு சமாதானம் சேர்ப்பது வழக்கம். இந்தக் கதைசொல்லி அந்தச் சமாதானத்தைச் சொல்வதே இல்லை. சொல்வளம் ஏறியிருக்கிறது, வாக்கியம் முதிர்ந்திருக்கிறது, தீர்ப்பு மட்டும் ஐந்து வயதில் எழுதியபடியே இருக்கிறது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அப்பா அடித்த நாளைச் சொல்லும்போது, முன்பின் தெரியாத ஓர் ஆள், தன்னுடைய வேண்டுதலின் தயவால் போரிலிருந்து நைச்சியமாகக் கட்டிலுக்குள் புகுந்துகொண்டு தன்னையே அடித்தான் என்கிற ரீதியில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். தான் பெருந்தன்மையானவன் என்று அந்தப் பெரிய சொல்லைப் போட்டுக்கொள்வதும் அதே தோரணையில்தான். நாற்பது வயதிலும் ஒருவர் தன் ஐந்து வயது வழக்கை விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறார் என்றால், அதைவிட அழுத்தமான குணச்சித்திரம் வேறு என்ன வேண்டும்? தாங்கள் குறை என்று சுட்டிய அந்தப் பெரிய சொற்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆசிரியரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தாலும் இது தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. ஓ'கானரின் இயற்பெயர் மைக்கேல் ஓ'டோனோவன். 1903-இல் கார்க் நகரத்தில், பட்டாளத்தில் இருந்த தகப்பனுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவர். அவருக்குத் தம்பி கிடையாது. முதல் போர் முடிந்தபோது அவருக்கு வயது ஐந்தல்ல, பதினைந்து. அவருடைய தகப்பனார் குடித்துவிட்டு வீட்டைக் கலக்கியவர் என்பதைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்; கதையில் வரும் அப்பாவோ சாதுவான மனிதர். பையனின் வயதைக் குறைத்து, அப்பாவைச் சாந்தப்படுத்தி, ஒரு தம்பியையும் உண்டாக்கியிருக்கிறார். நிஜத்தில் இருந்த பயம் கதைக்குள் வந்திருந்தால், பையனுடைய புகார்களில் நியாயம் கூடியிருக்கும், சிரிப்பு போயிருக்கும். அவன் தன்னை அறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கவும் இடம் இருந்திருக்காது. ஓ'கானர் அச்சான பிறகும் தன் கதைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதும் பழக்கம் உள்ளவர். அவர் கதையில் ஒரு சொல் அதன் வயதை மீறி நின்றால், நின்றுவிட்டுப் போகட்டும் என்று தெரிந்தே விட்டது என்றுதான் நான் கொள்வேன்.

கேள்வி: கதையின் தலைப்பில் உள்ள மனோதத்துவச் சொல்லைத் தெரிந்துகொண்டால்தான் லேரியைப் புரிந்துகொள்ள முடியுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டியதில்லை. தகப்பன் என்று அறியாமல் தகப்பனைக் கொன்று, தாய் என்று அறியாமல் தாயை மணந்த மன்னன் ஈடிபஸின் கதை பழைய கிரேக்க நாடகத்தில் வருவது. ஆண் குழந்தைக்குத் தாயின்மேல் உரிமையும் தகப்பன்மேல் பகைமையும் எழும் ஒரு பருவம் உண்டு என்று சொன்ன சிக்மண்ட் ஃபிராய்ட், அந்தப் பெயரை அதற்கு வைத்தார். லேரி, பெரியவனானதும் உன்னையே கல்யாணம் செய்துகொள்வேன் என்று அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் அறிவிக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் தலைப்பை வைத்தவர் வளர்ந்த லேரி. 'எனக்கும் அது இருந்தது' என்று குறும்பாகச் சொல்லிவிட்டு, கதையின் முடிவில் எதிராளிகள் இருவரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்து, அந்தத் தத்துவத்தின் காலை வாரிவிடுகிறார். தத்துவத்தை வைத்துக் கதையைத் திறக்கப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது எல்லாப் பையன்களுக்கும் பொதுவான ஒரு பையன். கால்களுக்குத் திருமதி பட்டம் கொடுத்தவனை அங்கே காண முடியாது.

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கேட்ட செய்திகளை வைத்து எழுதியது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குப் போன ஒருவர், 1954-இல் புதுச்சேரி வீட்டுக்குத் திரும்புகிறார். அவருடைய ஏழு வயது மகன் கதை சொல்கிறான். படித்த நண்பர்கள், உருக்கமாக இருக்கிறது, ஆனால் பையன் பையனாகத் தெரியவில்லை என்கிறார்கள். எங்கே பிசகு?
— வாசகர், அரியாங்குப்பம்

பதில்: நண்பர்கள் சொன்னது சரி. உங்கள் பையன் முதல் பக்கத்திலேயே, அப்பாவின் கண்களில் போரின் கொடுமை உறைந்திருந்தது என்கிறான். மூன்றாம் பக்கத்தில், வல்லரசுகளின் பேராசைக்கு எங்கள் குடும்பம் பலியானது என்கிறான். இவை உங்கள் கருத்துகள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வாக்கியங்களைச் சொல்லிவிட்ட பிறகு பையனுக்குப் பார்ப்பதற்கும் தப்பாகப் புரிந்துகொள்வதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் சரியாகத் தெரிந்த குழந்தைக்குக் குணம் இருப்பதில்லை.

நம் ஊருக்கு இந்தக் கதை மிகவும் பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவிடம், முதல் போரில் பிரான்ஸுக்காகப் போய் இறந்தவர்களுக்கானது. அதன் பிறகும் இந்தோசீனா வரைக்கும் புதுச்சேரிப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 'சொல்தா வீடு' (பிரெஞ்சுப் படைவீரர் வீடு) என்று அடையாளம் சொல்லும் தெருக்கள் இன்றும் இங்கே உண்டு. அந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு அப்பா என்பவர் நெடுங்காலம் ஒரு படமாகவும், மாதா மாதம் வரும் பணமாகவும், எப்போதாவது வந்து அதட்டும் புது ஆளாகவும் இருந்திருப்பார். லேரியின் வீட்டிலும் இதேதான் நடந்தது என்பதால் அந்தக் கதையை நகலெடுக்க வேண்டாம். கட்டிலைக் கடன் வாங்காதீர்கள். உங்கள் கதையிலேயே அதைவிட நல்ல சாமான் ஒன்று இருக்கிறது.

ஐந்தாம் பக்கத்தில், அவ்வளவாக யோசிக்காமல் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியைச் சொல்கிறேன். குழம்பில் போட்ட மீன் தலை எப்போதும் பையனின் தட்டுக்குத்தான் வரும். அப்பா வந்த அன்று அம்மா அதை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அந்த வரியைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டில் ஆண் பிள்ளை என்ற கௌரவம், அம்மாவின் நீதி, வந்தவரின் அதிகாரம் எல்லாம் அந்த ஒரு தட்டில் இருக்கின்றன. அங்கே உங்கள் பையன் என்ன செய்கிறான்? நீங்கள் எழுதியபடி, மௌனமாகக் கண்ணீர் விடுகிறான். வேறு ஏதாவது செய்ய வையுங்கள். எனக்கு இன்றைக்குத் தலை வேண்டாம், வயிறு சரியில்லை என்று அவன் முந்திக்கொண்டு அறிவிக்கலாம். அப்பாவுக்கு முள் எடுக்கத் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் சோதிக்கலாம். போன இடத்தில் மீன் கிடைக்காதா என்று மரியாதையாக விசாரிக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பையனைக் காட்டும். எந்தப் பையன் உங்களுடையவன் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு, அதே பையன் மற்ற பக்கங்களிலும் அதே புத்தியோடு நடந்துகொள்கிறானா என்று பாருங்கள்.

அப்பா தூக்கத்தில் கத்தும் இடத்தை நீங்கள் ஒரு பக்கம் வர்ணித்திருக்கிறீர்கள். அந்த இடம் தேவை. அந்தப் பக்கம் தேவையில்லை. அவர் அந்நியமான ஒரு சொல்லைக் கத்துகிறார் என்று மட்டும் பையன் கேட்கட்டும். மறுநாள் அந்தச் சொல்லை அவன் தெருவில் விளையாட்டுக்குப் பயன்படுத்தட்டும். அது யார் காதில் விழுகிறது, அந்த முகம் எப்படி மாறுகிறது என்பதை அவன் நமக்கு அறிவிக்கட்டும். விளக்கம் சொல்ல வேண்டாம். இந்தோசீனாவில் நடந்ததை நாங்கள் எங்கள் பங்குக்குக் கண்டுபிடித்துக்கொள்வோம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி ஏறிய காட்சியையும் கதைக்குள் இழுத்து வந்திருக்கிறீர்கள். பையனுக்கு அந்த நாளில் தனக்கென்று ஒரு லாபமோ நஷ்டமோ இருந்தால் ஒழிய, அதை வெட்டிவிடுங்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்பதற்காக மட்டும் அவன் அந்த மாற்றத்தை ஆதரித்தான் என்று எழுதினால்கூட எனக்குச் சம்மதம்.

கடைசியாக வயது. ஏழு வயதுப் பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அப்பாவின் கடிதத்தை அம்மா அலமாரியின் மேலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அவன் ஏன் அதை எடுத்துப் படிக்கவில்லை என்ற கேள்வி படிக்கிறவருக்கு வந்துவிடும், படித்துவிட்டான் என்றால் உங்கள் கதையில் பாதி ரகசியம் போய்விடும். ஒன்று, வயதை ஐந்தாக்குங்கள்; இல்லையென்றால் கடிதத்தை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, சாவியை அம்மாவின் இடுப்பில் செருகிவிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைச் செய்வேன், ஏனென்றால் சாவியைக் கண்ட பையன் சும்மா இருக்க மாட்டான்.